அன்னத்தாய் கட்டிய நாடிக்கட்டு

தேனி சந்தைக்குப் பின்புறத் தெருவில் எந்த வீட்டில் உயிர் போனாலும், முதல் ஒப்பாரி எழும்புவதற்குள் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்கள்: "அன்னத்தாயக் கூப்பிடுங்க."

உயிர் போனதும் நாடி, அதாவது கீழ்த்தாடை, தொங்கிப்போகும். உடம்பு விறைப்பதற்கு முன் நாடியை ஏந்தி, வெள்ளைத் துணியை அடியில் கொடுத்து, இரண்டு கன்னத்தின் வழியாக உச்சந்தலைக்கு ஏற்றி முடிச்சுப் போட வேண்டும். தாமதித்தால் திறந்த வாய் திறந்தபடியேதான் காட்டுக்குப் போகும். பார்த்தவர்களுக்கு ஒரு மாதத்துக்குச் சோறு இறங்காது. பெற்ற பிள்ளைகளுக்கும் கட்டிய பெண்டாட்டிக்கும் அந்த நேரத்தில் கை ஓடாது. அன்னத்தாய்க்கு ஓடும். அழமாட்டாள், அவசரப்படவும் மாட்டாள். உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோல், "வாய மூடுங்க மாமா, ஈ போயிரும்" என்று சொல்லிக்கொண்டே கட்டுவாள். கட்டி முடித்தால் செத்தவர் முகம் ஏதோ யோசனையில் இருப்பதுபோல் அமைந்துவிடும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியகுளத்தில் அவளுடைய அம்மா செத்தபோது அன்னத்தாய்க்குத் தாவணி போட்ட வயது. வந்த பெண்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்களே தவிர, யாரும் அம்மாவின் வாயைப் பார்க்கவில்லை. அவள்தான் தாவணியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். அன்று பிடித்த பழக்கம். சுயம்புலிங்கத்தைக் கட்டிக்கொண்டு தேனிக்கு வந்த பிறகும் விடவில்லை.

சுயம்புலிங்கம் கடைவீதியில் வாடகைக்குச் சைக்கிள் விடுகிறவர். தாடிக்காரர். அவர் தாடி இல்லாமல் இருந்ததை ஊரில் பார்த்தவர்கள் குறைவு. பேச்சும் குறைவு. அவர்களுக்கு ஒரே பெண், சண்முகத்தாய். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வரையில் அந்தப் பெண்ணின் முகத்தில் யாரும் ஒரு குறையும் பார்க்கவில்லை. முளைத்த பிறகுதான் கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு முன்னால் வந்து நிற்பது தெரிந்தது. வளர வளர நாடியும் முன்னுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'அகப்பை' என்று பேர் வைத்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவள் எதிர்வீட்டு மொக்கம்மாள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, குழாயடியில் எல்லாரும் கேட்கத்தான் சொன்னாள்.

"வயித்துப்பிள்ளைக்காரி செத்த வீட்டுக்குப் போகலாமாடி? போனதுதான் போன, தொங்குற நாடியத் தொடலாமா? நாட்டாமை செத்தப்ப நீ ஏழு மாசம். அந்தாளு நாடிதான் இங்கன வந்து ஒட்டிக்கிருச்சு."

சொல்லிவிட்டு, அன்று மாலையே ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். மொக்கம்மாள் அப்படித்தான். வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது, மனதிலும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

மொக்கம்மாள் சொல்வதற்கு எவ்வளவோ முன்பே அதை அன்னத்தாயே நினைத்திருந்தாள். மகள் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் நாட்டாமையின் குளிர்ந்த நாடி அவள் விரலில் பட்டது.

பன்னிரண்டு வயது முடிகிற சமயத்தில் சண்முகத்தாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். முன்பல்லால் எதையும் கடிக்க முடியாது. முறுக்கைக்கூடக் கடைவாய்க்குக் கொண்டுபோய்த்தான் உடைக்க வேண்டும். அதை யாரும் பார்க்கக் கூடாது. கேட்டால், "இப்படி உக்காந்தாத்தான் காத்து வருது" என்பாள். சுவரிலிருந்து என்ன காற்று வரும்?

சுயம்புலிங்கம் டயர், டியூப் எடுக்க மதுரைக்குப் போகிறவர். ஒருமுறை கடைவாய்ப் பல் வலி தாங்காமல் மேலமாசி வீதி மாடியில் பல் டாக்டர் ஒருவரிடம் பிடுங்கிக்கொண்டு வந்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் வாய் வீங்கியபடியே சொன்னார்:

"அங்கன அலமாரியில வெள்ளையா நாடி நாடியா அடுக்கி வச்சிருக்காக. நம்ம பிள்ளை நாடி மாதிரியே ஒண்ணு இருக்கு. கேட்டேன். சரிபண்ணலாம்னு சொல்றாக."

"நாடியவா?"

"நாடியத்தான்."

மறுவாரம் மூன்று பேரும் போடி ரயிலில் மதுரைக்குப் போனார்கள். ரயில் வந்து பத்து வருஷம் ஆகியும் அன்னத்தாய்க்கு அது இரண்டாவது பயணம்.

டாக்டர் குருசாமி கல்கத்தாவில் படித்துவிட்டு வந்தவர். குள்ளமான மனிதர். சண்முகத்தாயின் வாயை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கடிக்கச் சொன்னார், திறக்கச் சொன்னார், மறுபடி கடிக்கச் சொன்னார்.

"கொஞ்சம் முந்தியே வந்திருக்கலாம். பரவாயில்லை, இன்னும் வளர்ற வயசுதான். நாடி எலும்பு வளர்றப்பவே பிடிச்சுப் பின்னால நிறுத்தணும். ரெண்டு வருஷம். வளர்ந்து முடிஞ்சிட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லம்மா."

அன்னத்தாய்க்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருந்து வாங்குமுன் நோய் வந்த வழியைச் சொல்வதுதானே முறை? முந்தானையைத் திருகிக்கொண்டே நாட்டாமை கதையைச் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்க்காமல் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார்.

"ஐயா, அந்தத் தாடியைக் கொஞ்சம் ஒதுக்குங்க. பல்லைச் சேர்த்துக் கடிங்க."

சுயம்புலிங்கம் மீசையைத் தூக்கி, தாடியை ஒதுக்கி, கடித்துக் காட்டினார். கீழ்வரிசை மேல்வரிசைக்கு முன்னால் நின்றது.

அன்னத்தாய் எழுந்தே விட்டாள். "ஏங்க! இம்புட்டு வருசமா எனக்கு எதிர உக்காந்துதான சோறு தின்னீக?"

"நீ பாக்கலையாக்கும்னு இருந்தேன்."

"தாடிக்குள்ள ஒளிச்சு வச்சா எப்படிப் பாக்க?"

"எங்கய்யாவுக்கும் இப்படித்தான். அவுகளும் தாடிதான்" என்றார் சுயம்புலிங்கம், ஏதோ பரம்பரை நிலத்தைப் பற்றிச் சொல்வதுபோல. சண்முகத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்தார்.

"பார்த்தீங்களாம்மா? அப்பா வழியில வந்தது. நீங்க எந்த வீட்டுக்குப் போனதாலயும் வரலை."

திரும்பி வரும்போது அன்னத்தாய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம் உடனே வரவில்லை. இத்தனை வருஷமாக நம்பிய ஒன்றை ஒரு மனிதர் மாடியில் உட்கார்ந்து இல்லை என்று சொல்லிவிட்டார். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்து மொக்கம்மாளிடம் சொன்னபோது, "டாக்டரு அவுக படிச்ச நியாயத்தச் சொல்லுவாக" என்றாள் மொக்கம்மாள்.

டாக்டர் கொடுத்தது இதுதான்: நாடிக்கு அளவெடுத்துத் தைத்த தோல் கிண்ணம், உள்ளே மெத்தென்ற துணி, தலையில் மாட்டும் கித்தான் பட்டை, இரண்டையும் சேர்த்து இழுக்க ரப்பர். ராத்திரி முழுதும் கட்டியிருக்க வேண்டும், பகலில் வீட்டில் இருக்கும் நேரமும். அதோடு, மெல்லிய மூங்கில் சில்லு ஒன்றை மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் கொடுத்து, தினமும் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். ரப்பர் நம் ஊர் வெயிலுக்கு இளகிப்போகும் என்று டாக்டர் கவலைப்பட்டார். "அதை எங்கிட்ட விடுங்க" என்றார் சுயம்புலிங்கம். பழைய டியூபில் நல்ல பக்கமாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். மூங்கில் சில்லையும் அவரே சீவினார்.

கட்டுகிற வேலை அன்னத்தாய்க்கு. விளக்கு வைத்ததும் மகளை முன்னால் உட்காரவைத்து, கிண்ணத்தை நாடியில் பொருத்தி, பட்டையை இழுத்துக் கட்டுவாள். அவளுக்கு அது கஷ்டமாகவே இல்லை. கை தானாகப் போயிற்று. சண்முகத்தாயும் முனகாமல் கட்டிக்கொண்டாள். காதோரம் வலித்தது, உறங்கும்போது எச்சில் வழிந்தது, ஆனாலும் ஒரு நாள் விடவில்லை. காலையில் அவிழ்த்ததும் முதல் வேலையாகக் கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பல்லைக் கடித்துப் பார்ப்பாள்.

ஒன்றும் மாறவில்லை. மாசி போய்ப் பங்குனி போய்ச் சித்திரையும் முடியப்போனது. மதுரைக்குப் போனார்கள். டாக்டர் புதிதாக மாவு அச்சு எடுத்து, பழைய அச்சோடு வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு சண்முகத்தாயின் தலைமுடியை விலக்கிப் பட்டை பதிந்த தடத்தைத் தடவினார்.

"எப்படிக் கட்டுறீங்க? கட்டிக் காட்டுங்க."

அன்னத்தாய் கட்டினாள். வழக்கம்போல, சுருக்கமில்லாமல், நேர்த்தியாக.

"நேரா உச்சிக்குத் தூக்குறீங்களே அம்மா!" டாக்டர் பட்டையைப் பிடித்துக்கொண்டார். "நான் அன்னிக்குக் காட்டினது பின்னந்தலைக்கு. காதுக்கு மேல சாய்வாப் போகணும். நாடியைப் பின்னால தள்ளணும். இந்தக் கட்டு வாயை மூடி வைக்கும், அவ்வளவுதான். மூணு மாசம் வீணாப் போச்சே. இந்த முடிச்சை எங்க பழகினீங்க?"

அன்னத்தாய் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சண்முகத்தாயின் கண் அம்மாவின் விரல்மேல் போய் நின்றுவிட்டது. நாற்காலியில் சார்த்திவைத்து, மாலை போட்டு, நாடியிலிருந்து உச்சிக்கு வெள்ளைத் துணி ஏறிய எத்தனை முகங்களை அவள் தெருவில் பார்த்திருக்கிறாள்?

திரும்பும் வழியில், வண்டி உசிலம்பட்டியில் நின்றபோதுதான் சண்முகத்தாய் கேட்டாள்.

"பொணத்துக்குக் கட்டுற கட்டத்தான் எனக்கும் கட்டினியா?"

"கை அப்படியே போயிருச்சு தாயி. வேணும்னேவா செஞ்சேன்?"

"இனி உன் கை என் மேல படக் கூடாது."

"அது பிள்ளைத்தனமாப் பேசுது, விடு" என்றார் சுயம்புலிங்கம்.

பிள்ளைத்தனம் அல்ல. அன்றிலிருந்து அவள் அம்மாவைக் கட்டவிடவில்லை. சுயம்புலிங்கம் கட்டினார். பஞ்சர் ஒட்டும் கை. ஒன்று இறுகிப்போகும், இல்லையென்றால் விடியுமுன் கழன்று தலையணையில் கிடக்கும். அன்னத்தாய் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு பொருமுவாள். அரிசி களைவது, மாவு பிசைவது, மகள் தலைக்கு எண்ணெய் வைப்பது எல்லாம் அதே கைதான். அப்போதெல்லாம் கூசாதது இப்போது கூசுகிறது. அதைச் சொல்லி வாதாடலாம். ஆனால் அந்தக் கட்டுக்குள் ராத்திரி முழுதும் கிடக்கப்போவது அந்தப் பிள்ளை அல்லவா?

கழன்று விழும் ஒவ்வொரு ராத்திரியும் நாடி வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதுதான் அவளைத் தின்றது. வளர்ந்து முடிந்தால் என் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னது, தோசை திருப்பும்போதுகூடக் காதில் விழுந்தது.

ஒரு சாயங்காலம் மகளெதிரில் போய் உட்கார்ந்தாள்.

"நான் இனி எந்தச் செத்த வீட்டுலயும் நாடி கட்டப் போகல. போதுமா?"

"சத்தியமா?"

"போகலன்னா போகல."

சண்முகத்தாய் தோல் கிண்ணத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

பழகிய கையைத் திருப்புவது லேசாக இல்லை. ஒவ்வொரு நாளும் விரல் உச்சிக்குத்தான் போகப் பார்க்கும். அதைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவர வேண்டும். "காதுக்கு மேல, காதுக்கு மேல" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கட்டுவாள். இடையில் ஆசாரி வீட்டுப் பெரியவர் இறந்தபோது ஆள் வந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினாள். பெரியவர் வாயைத் திறந்துகொண்டே தெருவைக் கடந்து போனார். அன்னத்தாய் கதவிடுக்கில் பார்த்தாள். அன்று அவளுக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பல் நகர்ந்தது. தீபாவளி சமயத்தில் ஒரு காலையில் கண்ணாடிக்கு முன்னாலிருந்து சண்முகத்தாய் கத்தினாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனியோடு நுனி தொட்டு நின்றன. "இன்னும் ஒரு அரிசி கனம் போனாப் போதும்" என்று டாக்டர் சொன்னார். "இப்ப விட்டுட்டா வந்த வழியே திரும்பிரும். ஒரு நாள்கூட விடக் கூடாது."

அதற்கு மறுமாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மொக்கம்மாள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அவள் மருமகள் பஞ்சம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அக்கா, அத்தை போயிட்டாக! வாயி தொறந்து கெடக்கு. வெத்தலகூட உள்ள இருக்கு. சீக்கிரம் வாங்க!"

சொல்லிவிட்டு வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள். அன்னத்தாய் எழுந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். சண்முகத்தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போகமாட்டேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"போனா இனிமே நீ எனக்குக் கட்ட வேண்டாம். அய்யாவும் வேண்டாம். தூக்கி எறிஞ்சிருவேன். நெசமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொல்கிறாள் என்பது அன்னத்தாய்க்குத் தெரிந்தது. இந்தப் பெண் சொன்னால் செய்கிறவள். நுனிக்கு நுனி வந்து நிற்கிற பல் அவள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இங்கே ஒரு அரிசி கனம். அங்கே, எதிர்வீட்டில், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விறைத்துவிடும். பிறகு அவள் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான். காத்திருந்தால் தீர்ந்துவிடும் விஷயம்தான்.

"இந்தத் தெருவுலயே அதிகமாப் பேசின வாயி அது" என்றாள் அன்னத்தாய். "என்னயும் பேசுச்சு, உன்னயும் பேசுச்சு. அதுக்காகத் தொறந்தபடியே ஊர் பாக்கக் கெடக்கட்டுமா? வழிய விடு சம்முகம்."

மகள் விடவில்லை. அன்னத்தாய் அவள் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனாள்.

மொக்கம்மாளின் நாடி இன்னும் இளகித்தான் இருந்தது. அன்னத்தாய் விரலை விட்டு வெற்றிலையை வழித்தெடுத்தாள். ஈரத்துணியால் உதட்டுச் சிவப்பைத் துடைத்தாள்.

"போதும்க்கா, பேசினதெல்லாம் போதும். எங்க வீட்டுக்காரரு தாடிக்குள்ள இருந்த நாடியத்தான் நீங்க கடைசி வரைக்கும் நம்பவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே நாடியை ஏந்தினாள். துணி கன்னத்தில் படிந்து நேராக உச்சிக்கு ஏறியது. எத்தனையோ மாதம் பின்னுக்கு இழுத்துப் பழக்கிய கை, இங்கே தடுமாறாமல் நேரே போயிற்று. முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் கூடியிருந்த பெண்களுக்கு நடுவே சண்முகத்தாய் நிற்பதைப் பார்த்தாள். அழவும் இல்லை, முறைக்கவும் இல்லை. மொக்கம்மாளின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. அந்தத் துணி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னத்தாய் மறுபடி பார்த்தபோது அங்கே இல்லை.

எடுத்துக்கொண்டு போன பிறகு கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு அன்னத்தாய் வீட்டுக்கு வந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. தோல் கிண்ணம் குப்பைமேட்டில் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் படியேறினாள். எறிந்திருந்தால் எடுத்துக் கழுவலாம். பிய்த்திருந்தால்தான் மறுபடி மதுரைக்குப் போக வேண்டும். மறுபடி மகளைச் சம்மதிக்க வைப்பதைத்தான் அவளால் யோசிக்க முடியவில்லை.

சண்முகத்தாய் கண்ணாடியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நாடியில் கிண்ணம் இருந்தது. பட்டை காதுக்கு மேலாகச் சாய்ந்து பின்னந்தலைக்குப் போயிருந்தது. அவளே கட்டியிருந்தாள். பல்லைச் சேர்த்துக்கொண்டே பேசினாள்.

"அது நேரா மேல போகுது."

"ம்."

"இது பின்னால போகுது. நல்லாப் பாத்தேன். ரெண்டும் வேற கட்டு."

"வேறதான்."

"அப்ப அதச் சொல்ல வேண்டியதுதான அன்னிக்கே?"

அன்றைக்கு அன்னத்தாயின் கைக்கு இரண்டும் ஒன்றாகத்தானே இருந்தன? அதை இவளிடம் எப்படிச் சொல்வது? இடதுபக்க ரப்பர் தொய்ந்து, கிண்ணம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. கை தன்னால் நீண்டது. பாதியில் நின்றது.

சண்முகத்தாய் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்தாள்.

"எடப்பக்கம் சரியில்லதான, எனக்கே தெரியுது. எட்ட மாட்டேங்குது." கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "கை ஈரமா இருக்கும்மா. தொடச்சிட்டு வா. ரப்பர் வழுக்கும்" என்றாள்.

அந்த ஒரு அரிசி கனம் வர மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. மேல்பல் முன்னால் வந்து உட்கார்ந்தது. நாடி மட்டும் முழுக்க அடங்கவில்லை; பக்கவாட்டில் பார்த்தால் சுயம்புலிங்கத்தின் மகள் என்று தெரியும். "இதுக்கு மேல வராது, இது போதும்" என்றார் டாக்டர். அதற்குள் யுத்தம் வந்து நல்ல டியூப் கிடைப்பது அரிதாகிவிட்டது. கொஞ்ச காலத்தில், யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று போடி ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கடைசி வருஷம் முழுதும் சண்முகத்தாய் தானே கட்டிக்கொண்டாள். இடதுபக்கத்தை மட்டும் அம்மா சரிபார்ப்பாள். விளக்கு வைக்கும் நேரத்தில் யாராவது மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றால், உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பதும் மகள்தான்.

"அம்மா, உன்னையத்தான் தேடி வந்திருக்காக. போயிட்டு வா. எடப்பக்கத்த வந்து பாத்துக்கிரலாம்."